லூக்கஸின் பூட்டனுக்குப் பூட்டன்

ஒரு மொழி அறவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் வாயைத் திறக்கமாட்டான். ஆபத்தெல்லாம் அரைகுறையாகத் தெரிந்தவனால்தான். நான் அரைகுறை. நான் வாயைத் திறந்தேன். அதுவும் மைக்குக்கு முன்னால், ஜெர்மனியில் எங்கள் பீலெஃபெல்ட் தமிழர்களில் பாதிப்பேர் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருக்கும்போது.

எங்கள் வீட்டில் எனக்கு 'இங்கிலீஷ்காரன்' என்று ஒரு பட்டம் இருந்தது. காரணம், பள்ளிக்கூடம் முடித்த கையோடு லண்டனுக்குப் போய், மாமாவின் பெற்றோல் செட்டில் ஆறு மாதம் கல்லாவில் நின்றவன் நான். அங்கே நான் பேசிய ஆங்கிலம் மொத்தமே இரண்டு வசனம். 'எந்த பம்ப்?' 'ரிசீட் வேணுமா?' (மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது: 'கார் கழுவுகிற மெஷின் பழுது.') ஆனால் நான் திரும்பி வந்ததும் அம்மா எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னா: "பெடியன் இப்ப கனவே இங்கிலீஷிலதான் காணுறான்."

பிறகு சமையலறை அலுமாரி செய்யும் ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்தொன்பது வயது. தாடியும் தலைக்கனமும் போட்டிபோட்டு வளர்ந்துகொண்டிருந்த காலம். அப்போதுதான் என் தங்கை மயூரி, தன்னோடு அவுஸ்பில்டுங் என்ற தாதியர் தொழிற்பயிற்சி படித்த லூக்கஸைக் கட்டப்போவதாக வீட்டில் சொன்னாள்.

அப்பா கத்தவில்லை. ரிவியை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"வெள்ளைக்காரன் எண்டது எனக்குப் பிரச்சினையில்லை. ஆனா என்ன குடும்பம்? எங்கட பெடியன் எண்டால் ஊருக்கு மூண்டு ரெலிபோன் கோல் எடுத்தால் பரம்பரையே வந்து விழும். இவனுக்கு நான் ஆரிட்ட விசாரிக்கிறது?"

லூக்கஸின் தகப்பன் வழி கெல்சென்கிர்ச்சனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். சுரங்கம் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது. (அவர் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓய்வுபெறும்வரை ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர். அதைக் கேட்டால், 'அது வேற' என்பார்.) தாய் வழி ஆங்கிலேயர். தாய் ஜேன், இங்கே பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்த தகப்பனோடு சின்ன வயதில் வந்து, அப்படியே தங்கிவிட்டவர். முன்னோரைப் பற்றிக் கேட்டால், "ஹொப்கின் என்று பெயர், ஏதோ கிராமத்துப் பக்கம், வேறொன்றும் தெரியாது" என்று சிரிப்பார்.

"அப்பா, இங்கிலீஷ் பக்கத்தை நான் விசாரிக்கிறன்," என்றேன்.

மயூரி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணா, தயவுசெய்து இதுக்குள்ள தலையிடாதீங்கோ."

"உனக்காகத்தானே செய்யிறன்," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இங்கிலாந்துக்காரர் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், ஆரார் இருக்கினம், என்ன வயது, என்ன தொழில் என்று எழுதி, அதை ஒன்றும் எறியாமல் வைத்திருந்து, இப்போது இணையத்தில் போட்டுவிட்டார்கள். பழைய பத்திரிகைகளும் அப்படியே கிடக்கின்றன. எழுத்துத்தான் கோழி மையில் விழுந்து எழும்பி ஓடினதுபோல இருக்கும். வேலையால் வந்து, சாப்பாட்டுத் தட்டோடு கணினிக்கு முன்னால் இருந்துவிடுவேன்.

ஒருநாள் ஜேனின் முன்னோர் ஒருவர், வில்லியம் ஹொப்கின், அகப்பட்டார். வீட்டில் பிள்ளைகள் ஒரு கும்பல். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அதற்கு நேரே தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்தது: ஸ்கொலர். அறிஞர்! அதற்கு மூத்தது ஏழு வயதுப் பெட்டை. அவளும் ஸ்கொலர். ஐந்து வயதில் எனக்கு மூக்குத் துடைக்கத் தெரியாது.

தகப்பன் வில்லியத்துக்கு நேரே 'அக். லாப்.' என்று சுருக்கி எழுதியிருந்தது. அக் என்றால் அக்ரிகல்ச்சர். லாப் என்றால் லாபொரட்டரி. விவசாய ஆய்வுகூடம்! பக்கத்து வீட்டுக்காரரும் அக். லாப். அதற்கடுத்த வீடும் அக். லாப். (இந்த இடத்திலாவது மனிதனுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டாமா? எனக்குப் பெரிய மென்பொருள் கொம்பனி இருக்கும் வால்டோர்ஃப் ஊர்தான் ஞாபகம் வந்தது. அங்கே எந்தக் கதவைத் தட்டினாலும் மென்பொருள் எஞ்சினியர் திறப்பதில்லையா? அதுபோல இது விஞ்ஞானிகளின் ஊர் என்று முடிவுகட்டிவிட்டேன்.) வில்லியத்தின் தாய் கடைசிக் காலத்தில் 'யூனியன் ஹவுஸ்' என்ற இடத்தில் இருந்திருக்கிறா. பெயர் வைத்த வீடென்றால் பங்களாதானே.

வில்லியத்தின் தகப்பன் தோமஸ் ஒரு பழைய பத்திரிகையில் வந்தார். அந்தத் துண்டு முக்கால்வாசி அழிந்துபோயிருந்தது. தோமஸ் ஹொப்கின், ஏழு வருஷம், ட்ரான்ஸ்போர்ட்டட் என்பது மட்டும் விளங்கியது. போக்குவரத்துத் துறை! ஏழு வருஷ சேவை! பேப்பரில் போட்டிருக்கிறான் என்றால் சின்ன ஆளாக இருக்கமுடியாது.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஞ்சு வயசில அறிஞரோ?"

"ஓம் அப்பா. அரசாங்கமே எழுதி வச்சிருக்கு."

அன்றைக்கே அப்பா ரெலிபோனைக் கையில் எடுத்தார். அந்த வாரம் முடியுமுன் எங்களுக்குத் தெரிந்த அத்தனை தமிழர் வீட்டிலும், எங்களுக்கு வரப்போகிற மருமகன் விஞ்ஞானி பரம்பரை என்று தெரிந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். மயூரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் பெரிய மனிதன்போல அவள் தலையில் தட்டிக்கொடுத்தேன்.

நிச்சயதார்த்த மண்டபத்தில் பெரிய திரை வைக்கவேண்டும் என்று நின்றது நான்தான். தாம்பூலம் மாற்றமுன் சம்பந்தி வீட்டாரின் பெருமையை ஆதாரத்தோடு காட்டவேண்டுமாம். முன்வரிசையில் ஜேனும், இதற்காகவே இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய தமையன் கீத்தும் இருந்தார்கள். கீத் பெரிய உருவம், சிவந்த முகம். விரும்பி விரும்பி ரோல்ஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் முதலில் தமிழில் பேசினேன். அறிஞர்களுக்குக் கைதட்டல். ஆய்வுகூடத்துக்குப் பெரிய கைதட்டல். பிறகு விருந்தாளிகளுக்காக அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கேதான் கீத்தின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முதலில் பெருமையில் அழுகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழும்பி நின்றார். "மகனே, அது லாபொரட்டரி இல்லை. லேபரர். கூலி. மற்றவனுடைய வயலில் மண் கொத்துகிறவன். ஸ்கொலர் என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அவ்வளவுதான். யூனியன் ஹவுஸ் சோற்றுக்கு வழியில்லாதவர்களை அடைத்து வேலை வாங்கிய இடம்."

மண்டபத்தில் ஆங்கிலம் விளங்கிய இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவுக்கு விளங்கவில்லை.

"என்னவாம் அவர்?"

"சும்மா பகிடி விடுறார், அப்பா."

"முழுசாச் சொல்லு. மைக்கில சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னேன். என் அவமானத்தை நானே மொழிபெயர்த்தேன். கூலி என்றபோது அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. காப்பாற்றுவதற்கு என்னிடம் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தார். "ஆனா தோமஸ் ஏழு வருஷம் போக்குவரத்தில..." என்று சொல்லி, பத்திரிகைத் துண்டைத் திரையில் போட்டு, என் கையாலேயே பெரிதாக்கினேன். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

கணினியில் அழுக்குப்போலத் தெரிந்த வரி, திரையில் எழுத்தாக நின்றது. கீத் கிட்டப்போய் விரலால் தடவி வாசித்தார்.

"ஏழு வருஷம் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு செம்மறியாட்டைத் திருடினதற்கு!"

மைக்கில் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். கடைசியில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. "ஆடு."

ஸ்பீக்கர் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. லூக்கஸுக்குத் தமிழில் சாப்பாட்டுச் சொற்கள் மட்டும்தான் தெரியும். அவன் மயூரியிடம் சந்தோஷமாகக் கேட்டான்: "ஆடு? சாப்பாடு ரெடியா?"

மயூரி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கண்ணில் தண்ணீர். ஜேன் குனிந்து தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்தார். நான் மைக்கை அவர்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை.

"ஆட்டுக் கள்ளன்ர வீட்டுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது?" என்றார் அப்பா. மண்டபம் முழுக்கக் கேட்டது.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசுத்தா. அதுவும் கேட்டது.

"சத்தம் போடாதேங்கோ. உங்கட பெரியப்பா வைரவருக்கு நேர்ந்த கிடாயை அவிட்டுக்கொண்டுபோய் மாட்டுப்பட்டு, வன்னியில ஒளிச்சிருந்தவரெல்லோ? அது தெரிஞ்சுகொண்டுதானே நான் உங்களைக் கட்டினனான்?"

பின்வரிசையில் அப்பாவின் ஊர்க்காரி ஒருவர் கையை உயர்த்தினார். "ஓம் ஓம், எனக்கும் தெரியும்! கறுப்புக் கிடாய்!"

மண்டபம் வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறி, முதுகில் தட்டவேண்டி வந்தது. "என்ன சொன்னார்கள்?" என்று கீத் என்னைக் கேட்டார். சொன்னேன். அன்றைக்கு நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்த ஒரே விஷயம் அதுதான். கீத் திரையடியிலிருந்து வந்து அப்பாவை அப்படியே கட்டிப்பிடித்தார். அப்பா நட்டுவைத்த தூண்போல நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவரைக் கேள், அந்த ஆட்டை என்ன செய்தவையாம்?"

கேட்டேன். கீத் சிரிப்பை நிறுத்தினார். "பிள்ளைகள் பட்டினியாக இருந்திருக்கும். சாப்பிட்டிருப்பார்கள்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கட பெரியப்பா வித்துப்போட்டார். இவையள் பரவாயில்லை," என்றவர் ஐயரைப் பார்த்தார். "தட்டை மாத்துங்கோ."

கல்யாணத்தில் என்னை மைக்குக்குப் பக்கத்தில் விடாமல் இரண்டு மச்சான்மார் காவல் நின்றார்கள். சூப்பர்மார்க்கெட்டில் யாராவது ஆங்கிலத்தில் வழி கேட்டால், மயூரி இன்றைக்கும் எனக்கு முன்னால் பாய்ந்து பதில் சொல்கிறாள்.

அப்பாதான் முழுக்க மாறிப்போனார். இந்தப் பக்கத்தில் யார் வீட்டிலாவது சம்பந்தம் பேசினால் அவருக்குக் கட்டாயம் ஒரு கோல் வரும். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்துச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அப்பா ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்.

"ஆழமா விசாரியாதேங்கோ. விசாரிச்சால் ஆடுதான் வரும்."