நாலு மில்லிமீட்டர் புருவம்

“இது நாய்க்குட்டி,” என்றார் மில்லிமீட்டர் மேடம்.

வடிவமைப்புக் கூடத்தின் நடுவே, அசல் வண்டியின் அளவில், களிமண்ணால் ஆன எஸ்.யூ.வி. ஒன்று நின்றது. ஐந்து வாரமாக அதை இழைத்து இழைத்து உருவாக்கியவன் கையில் சுரண்டும் தகட்டோடு பக்கத்தில் நின்றான். கூடத்தில் எல்லோரும் அவனைச் சிற்பி என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை வடிவமைப்பாளருக்கு வைத்த ‘மில்லிமீட்டர் மேடம்’ என்ற பெயரை மட்டும் யாரும் அவர் காதுபடச் சொல்வதில்லை.

“நாய்க்குட்டியா மேடம்?”

“வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வர்ற மாதிரி இருக்கு. இந்த வண்டியை வாங்குறவங்க எங்க போவாங்கன்னு நினைக்கிற? மலைக்கா, காட்டுக்கா? முக்குக் கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்குவாங்க. பிள்ளையை ஸ்கூல்ல விடுவாங்க. ஆனா உசரத்துல உட்கார்ந்து போகணும். முன்னால போறவன் கண்ணாடியில இந்த மூஞ்சியைப் பார்த்தா, ஹாரன் அடிக்காமலே ஒதுங்கணும்.”

“அப்ப கோபமா இருக்கணுமா?”

“கோபம் யாருக்கு வேணா வரும்ப்பா. இது வேற. இதைப் பார்த்ததும் நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு தோணணும். என்ன தப்புன்னு மட்டும் தெரியக்கூடாது.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிற்பி நாய்க்குட்டியைப் பார்த்தான். அது அவனை அன்போடு பார்த்தது.

வெள்ளிக்கிழமைதான் குடும்ப நாள். கூடத்துக்குள் நடப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம். கட்டின மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. கல்யாணமாகி ஒன்பது வருடமாக, “இன்னைக்கு என்ன பண்ணீங்க?” என்று அவள் கேட்பாள், “மண்ணு” என்று அவன் சொல்வான். சொந்தக்காரர்கள் விசாரித்தால், “கார் கம்பெனி” என்று சொல்லிவிட்டு அவள் பேச்சை மாற்றிவிடுவாள். இந்த வெள்ளிக்கிழமைதான் முதல்முறையாகக் குடும்பத்தாரை உள்ளே விடுகிறார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், அதற்காக ஷிப்ட் மாற்றி வாங்கியிருந்தாள். அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். புதுச் செருப்பும் வாங்கியாகிவிட்டது.

அவள் கண் ஒரே ஒரு தடவை ஆச்சரியத்தில் விரிய வேண்டும். சிற்பிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்று மாலை அதே யோசனையோடு வீட்டுக்குள் நுழைந்தவன், ஜன்னலோரம் நின்று திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தெருவைப் பார்த்தான். காலையில் துவைத்து மாட்டிய வெள்ளைத் திரைச்சீலை. கையை எடுத்தபோது ஐந்து விரலும் அதில் பழுப்பாகப் பதிந்திருந்தன.

மனைவி வந்தாள். முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி முதலில் திரைச்சீலையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். புருவம் இறங்கிப் பாதிக் கண்ணை மூடியது. உதடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரானது.

“நானே துவைச்சுடறேன்,” என்றான் சிற்பி. துவைத்தான். யாரும் கேட்காமலே இஸ்திரியும் போட்டான்.

மறுநாள் காலை அவன் கைகள் தாமாகவே ஓடின. அடுப்பில் இளக்கிய மண்ணை அள்ளி விளக்குகளின் மேல் அப்பி, பாதி மூடிய இமைபோல இறக்கினான். வாய்போல இருக்கும் முன்பக்கக் கிரில்லை நேர்க்கோடாக வெட்டினான். பம்பரின் அடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளியதும் முகவாய் தாழ்ந்தது.

மத்தியானம் வந்த மேடம் வண்டிக்கு முன்னால் சட்டென்று நின்றார். பாக்கெட்டில் விட்டிருந்த கையை வெளியே எடுத்தார்.

“இதேதான்,” என்றார். “புருவம் மட்டும் நாலு மில்லிமீட்டர் கீழ வரட்டும்.”

நாலு மில்லிமீட்டர் கீழே வந்தபோது, வண்டியின் விளிம்புகளுக்குக் கறுப்பு டேப் ஒட்டிக் கோடு காட்டும் டேப் அண்ணன் வந்தார். நிமிர்ந்து பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்னண்ணே?”

“போன மாசம் நீ முக்கால் மணி நேரம் லேட்டா வெளிய வந்த அன்னைக்கு, கம்பெனி கேட் வாசல்ல உன் வீட்டுக்காரம்மா நின்னாங்க பாரு... அப்படியே உரிச்சு வச்சிருக்கியேடா!”

சிற்பி நாலடி பின்னால் போய்ப் பார்த்தான். அவளேதான்.

“அண்ணே, அவ வெள்ளிக்கிழமை வர்றா.”

“வரட்டும். உன்னைத்தான் இனிமே பார்க்க முடியாது.”

களிமண் வண்டியில் ஒரு வசதி உண்டு. இடது பாதியில் ஒரு வடிவமும் வலது பாதியில் இன்னொன்றும் செய்து காட்டலாம், பிடித்ததை வைத்துக்கொள்வார்கள். இடப்பக்கத்தைத் தொடாமல் விட்டு, வலப்பக்கப் புருவத்தை மட்டும் சாந்தமாகத் தெரியும்படி ஆறு மில்லிமீட்டர் தூக்கினான். மேடம் வந்து சாந்தமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிழைத்தான்.

தூக்கி முடித்துப் பார்த்தான். ஒரு புருவம் கீழே, ஒரு புருவம் மேலே. இதுவும் அவனுக்குத் தெரிந்த முகம்தான். ‘பஸ் லேட்டு’ என்று அவன் சொல்லும்போதெல்லாம், “அப்படியா? அப்புறம்?” என்று கேட்கும் முகம்.

“பிரமாதம்! இப்ப கேள்வி கேக்குது!” என்றார் மேடம். “ஆனா ஒன்றரைக்கண் வண்டியை விக்க முடியாது. பழைய இடப்பக்கத்தையே ரெண்டுக்கும் எடு. அந்தக் கேள்வி மட்டும் போயிடக் கூடாது.”

புருவத்தை விட்டுவிட்டு வாயைப் பிடித்தான். கிரில்லின் இரண்டு ஓரத்தையும் மேலே வளைத்துச் சிரிக்க வைத்தான்.

“ஐயோ, இது இன்னும் மோசம்டா,” என்றார் டேப் அண்ணன். “விருந்தாளிங்க முன்னால சிரிச்சுக்கிட்டே, ‘இவங்க கிளம்பட்டும், உங்களை வச்சுக்கறேன்’ங்குற சிரிப்புடா இது.”

மேடம் அந்தச் சிரிப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “பதினொரு வருஷமா இதைத்தான் சொல்லத் தெரியாம திண்டாடினேன்,” என்றார் மெதுவாக. “நீ கெட்டிக்காரன். இதுல கை வைக்காத.”

முகத்தில் கை வைக்காமல் முகத்தை மாற்ற வேண்டுமே. கவனத்தைத் திருப்பலாம் என்று கீழே இரண்டு பக்கமும் உருண்டையாகப் பனிவிளக்கு வைத்தான்.

“கம்மலும் போட்டாச்சா?” என்றார் டேப் அண்ணன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சிற்பி கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

“நாளைக்கு அங்க ஒரே கூட்டமா இருக்கும். தூசி வேற. உனக்குத்தான் தும்மல் வருமே?”

அவள் புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றாள்.

“நான் வர வேணாம்ங்கறீங்களா?”

“சேச்சே! சும்மா சொன்னேன்.”

“ஒன்பது வருஷமா மண்ணு மண்ணுன்னு ஒரே பதில். அந்த மண்ணை ஒரு தடவை பார்க்கலாம்னு இருந்தேன். ஷிப்ட் மாத்தித் தரச் சொல்லி யார் யார்கிட்ட கெஞ்சினேன்னு தெரியுமா?”

முகவாய் தாழ்ந்தது. புருவம் இறங்கியது. அவள் கண்ணோரம் கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. சிற்பிக்கு மனம் என்னவோ செய்தது. ஆனால் பாழாய்ப்போன அந்தக் கைகளுக்கு அதே நேரத்தில் இன்னொன்றும் உறைத்தது: வண்டிப் புருவத்தின் வெளியோரச் சரிவை இரண்டு மில்லிமீட்டர் தப்பாக வைத்துவிட்டோம்.

“நீ கண்டிப்பா வரணும்,” என்றான். “நீ வரலைன்னா எனக்கு அங்க வேற யாரு?”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதலில் போய் அந்தச் சரிவைச் சரிசெய்தான். செய்யாமல் இருக்க அவனால் முடியவில்லை.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. மண்ணின் மேல் வெள்ளிநிறப் படலம் ஒட்டி, நிஜ வண்டிபோலப் பளபளக்க வைத்து, மேலே சாம்பல் துணி போர்த்தியிருந்தார்கள். பிள்ளைகள் துணிக்கு அடியில் எட்டிப் பார்த்தன. மேடத்தின் கணவர் ஒல்லியான, கலகலப்பான மனிதர். சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டு, கையில் ஜூஸ் கோப்பையோடு, அறிமுகம் இல்லாதவர்களிடமெல்லாம் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க,” என்றார் மேடம். துணி விலகியது.

கூடம் கப்சிப் ஆனது. முன்வரிசையில் நின்றவர்கள், தாங்களே அறியாமல் அரையடி பின்னால் போனார்கள். ஒருவர் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார். ஒரு குழந்தை அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

“இது... நீங்க கையால பண்ணதா?” என்றாள் மனைவி. கண் விரிந்தது. சிற்பி ஒன்பது வருடம் காத்திருந்த விரிவு.

அரை நொடிதான். அவள் ஓரடி முன்னால் போனாள். தலையைச் சாய்த்து விளக்கைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், கம்மலைப் பார்த்தாள். முகவாய் தாழ்ந்தது. புருவம் இறங்கியது. உதடு நேரானது. இரண்டு முகமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. டேப் அண்ணன் அவசரமாகக் கூரையில் எதையோ தேடினார்.

“ஏங்க,” என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. “இந்த மூஞ்சியை நான் எங்கயோ...”

அவர்களுக்குப் பின்னால் ஜூஸ் கோப்பையை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. மேடத்தின் கணவர் வண்டியையே பார்த்தபடி மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். முடியைக் கோதினார். மேடத்தின் காதருகே குனிந்து அவர் ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிசப்தத்தில் கூடத்துக்கே கேட்டது:

“எங்கம்மா மூஞ்சியை எதுக்குடி வண்டியில வச்சே?”