அடிக்கல்லுக்கு ஒரு கூரை

உலக வரலாற்றில் எத்தனையோ நட்புகள் வந்து போயிருக்கின்றன. கடலுக்கு அப்பாலுள்ள அந்தப் பெரிய நாட்டுக்கும் நம் சின்ன நாட்டுக்கும் இடையிலான நட்பு மட்டும் பாறை போன்றது. சந்தேகமிருந்தால் பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாருங்கள். அங்கே அது மூன்று கற்களாக நிற்கிறது, தொட்டே பார்க்கலாம்.

'இருநாட்டு நட்புறவுச் சங்க'த்தின் கிளைச் செயலாளர் என்ற முறையில் மூன்று விழாவிலும் நான் மேடையில் இருந்தேன். (மாலையும் என் கடையில் வாங்கியதுதான்.) புதிதாக வரும் ஒவ்வொரு தூதரும் மலையேறி வந்து லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழும் மக்களின் 'மாதிரி வீடமைப்பு'க்கு அடிக்கல் நாட்டுவார். முன்னவர் நாட்டிய கல்லில் இவர் பெயர் இருக்காதல்லவா? அதனால் இன்னொன்று. இராஜதந்திரம் என்பது இதுதான்.

மூன்றாம் விழா முடிந்ததும் கொழுந்து பறிக்கும் ஜெயம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். லயத்தில் அவள் குடியிருக்கும் காம்பராவின் பின்சுவர் வெடித்து, 'மண்சரிவு அபாயம், வெளியேறவும்' என்று அதிகாரிகள் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எங்கே போவது என்று அதில் எழுதவில்லை.

"ஐயா, கல்லு மூணு இருக்குங்க. செவுரு எப்பங்க வரும்?"

"மொதல்ல ரெண்டு நாட்டு உறவும் ஆழமாகணும் ஜெயம்மா."

"வெடிப்பு ஆழமாயிருச்சுங்க. கையே உள்ள போகுது."

தொலைநோக்கு இல்லாத ஜனம். என்ன செய்வது?

எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்று உண்டு. செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்கு ஒரு சாமி, தொழிற்சாலையில் சுழலும் ரோதைக்கு ஒரு முனி. தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிய கல்லைச் சும்மா விடமாட்டார்கள். அடிக்கல் விழாவில் இரண்டும் நடந்துவிட்டதே. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று கற்களுக்கும் மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, 'வீட்டுமுனி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஜெயம்மா தினமும் விளக்கேற்றினாள்.

நான்காவது தூதர் இதைக் கண்டு கண் கலங்கினார்.

"நம் நட்பையே கும்பிடுகிறார்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். பிறகு வானத்தைப் பார்த்தார். "ஐயோ, மழையில் நனைகின்றனவே."

எத்தனையோ வருடம் நகராத காகிதங்கள் ஓடத் தொடங்கின. மழைக்காலத்துக்கு முன்பே கற்களுக்கு மண்டபம் எழுந்தது. கொங்கிரீட் தூண், ஓட்டுக்கூரை, டைல்ஸ் தரை, மின்விளக்கு, பூட்டுப் போட்ட கம்பிக் கதவு. மண் சரியாத இடம் என்று நிபுணர்கள் சான்றிதழும் தந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு பகல், ஜெயம்மாவின் லயத்தின் மேல் மலை இறங்கியது. எல்லோரும் வெளியே இருந்ததால் உயிர் தப்பியது. மண்டபத்துக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று நான் பதறி ஓடினேன். பூட்டு உடைந்திருந்தது. உள்ளே ஜெயம்மா, அவள் பிள்ளைகள், ஒரு அடுப்பு. கற்களின் முன்னே விளக்கு எரிந்தது.

"இது நட்புச் சின்னம். இங்க ஆளுங்க இருக்கக் கூடாது."

"வீட்டுக்குனு நட்ட கல்லு தானேங்க. சாமி வீட்டக் குடுத்திருச்சு, நாங்க வந்துட்டோம்."

நான் கடமை தவறாதவன். உடனே மேலிடங்களுக்கு அறிவித்தேன். எதிலும் இழுபறிப்படும் இரு அரசுகளும் அன்றே ஒரே குரலில் பேசின: 'அத்துமீறல். அகற்றவும்.' பொலிஸ் வந்து அவர்களை அதே மழையில் இறக்கிவிட்டது.

நட்புக்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டு நாடுகளும் சேர்ந்து எங்கள் மலையில் கட்டிய ஒரே வீடு பத்திரமாக இருக்கிறது. மனிதர் யாரும் குடிபுகாதபடி பெரிய பூட்டாகப் போட்டிருக்கிறோம். சாவி என்னிடம்தான் இருக்கிறது.