நடக்கணுமாம்

மகளுடைய பழைய ஸ்கூல் சப்பாத்துக்குள் கால் நுழைய மறுத்தது. பாப்பம்மா குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த அவள் புருஷன் செல்லமுத்து அக்கறையாகக் குரல் கொடுத்தார்.

"விடிஞ்சிருச்சு புள்ள. இன்னும் நடக்கக் கெளம்பலையா?"

முப்பது வருஷம் கொழுந்துச் சாக்குச் சுமந்த இடுப்பு, கொஞ்ச நாளாக அவளை வேலை செய்ய விடவில்லை. இப்படியே போனால் பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார். பேர் போனால் வேலை போச்சு. அதற்கப்புறம் அந்த வீட்டில் அடுப்பெரிய வேறு சம்பளமில்லை. அதனால்தான் இரண்டு பேரும் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவளுக்கு இடுப்பு, அவருக்கு முழங்கால்.

டாக்டர் சிங்களத்தில் பேசினார். பாப்பம்மாவுக்குக் கொழுந்து நிறுக்கிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். செல்லமுத்துவோ தோட்டத்தில் வாட்சராக இருந்தவர், சிங்களம் நன்றாக வரும். பேங்க், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாமே அந்த வீட்டுக்கு அவர் வாய் வழியாகத்தான் வந்து சேரும். டாக்டர் அவளைக் காட்டினார், அவரைக் காட்டினார், கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். வெளியே வந்ததும் செல்லமுத்து சுருக்கமாகச் சொன்னார்.

"நடக்கணுமாம்."

"அம்புட்டு நேரம் பேசுனாரே?"

"சிங்களத்துல எல்லாம் நீளமாத்தான் வரும்."

சரி, நடந்தாள். முதல் நாளே வந்தது வினை. எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம் சும்மா நடக்கிறேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். விடியற்காலையில் சும்மா நடக்கிற பொம்பளையை அந்த லயம் கண்டதில்லை. சந்தி வரை போய்த் திரும்புவதற்குள், பாப்பம்மா புருஷனை விட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. வீட்டில் நாலைந்து பெண்கள் செல்லமுத்துவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். மனுஷன் ஆறுதலையும் மறுக்கவில்லை, ரொட்டியையும் மறுக்கவில்லை.

மறுநாள் அவரே ஒரு யோசனை சொன்னார். கையில் ஒரு பையை வைத்துக்கொண்டால் கடைக்குப் போவதாக நினைத்துப் பேசாமல் இருப்பார்களாம். பேசாமல் இருந்தார்கள்தான். ஆனால் பையை நிரப்பிவிட்டார்கள். ஒருத்திக்குப் பாண், ஒருத்திக்குப் பருப்பு, இன்னொருத்திக்குக் கோழித் தீன். இதற்குப் பேசாமல் ஒரு தள்ளுவண்டி வைத்துக்கொள்ளலாமே என்று சந்திக் கடை மக்கீன் நானாவே கேட்டுவிட்டார். இடுப்பு முன்னைக்கு இரண்டு மடங்காக வலித்தது.

சந்திப் பக்கமே வேண்டாமென்று எதிர்த் திசையில், மலைக்கோயில் ஏற்றத்தில் நடந்தாள். இப்போது நேர்த்திக்கடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவரவர் வேண்டுதலுக்கு ஆளுக்கொரு தேங்காயைக் கொடுத்து, உடைத்துவிட்டு வரச் சொன்னார்கள். சாமி காரியம், எப்படி மாட்டேன் என்பது? பாரத்தோடு ஏறினால் சாமி சீக்கிரம் கேட்கும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கூடவே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் நீட்டி. வெள்ளிக்கிழமைகளில் பை போதாமல் பழைய கொழுந்துச் சாக்கையே எடுக்க வேண்டியதாயிற்று.

இத்தனையிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சாயந்தரமானால் செல்லமுத்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து விசாரிப்பார்.

"இன்னைக்கு எதுவரைக்கும் போன? ஏத்தத்துல மூச்சு வாங்குச்சா? எம்புட்டுத் தேங்கா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் பொழுது எப்படிப் போச்சு என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷன். இப்போது ஒன்று விடாமல் கேட்டுக்கொள்கிறார். போன வாரம் முழங்காலுக்குத் தைலம் எடுக்கத் தனியாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும், கிளம்புகிற நேரத்தில் அதையெல்லாம் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டுதான் ஏறினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வலி இப்படியே இருந்துவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தாள், பைத்தியக்காரி.

ஒருநாள் காலையில் பாயிலிருந்து எழும்பவே முடியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டு கொண்டுவராவிட்டால் திங்கட்கிழமை பேர் இல்லை என்று கங்காணி ஆள் அனுப்பினார். நடந்தது போதாது, இன்னும் கொஞ்சம் கூட்டி நடந்திருக்க வேண்டும் என்று செல்லமுத்து வருத்தப்பட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொன்னால் வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்தார். முழங்கால் விடவில்லையாம். சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, பஸ் கம்பியைப் பிடித்துத் தனியாகவே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள். பெயர் பிரவீனா, இவளைப் போலவே தோட்டத்துப் பிள்ளை. தமிழைக் கேட்டதும் பாப்பம்மா சப்பாத்து முதல் தேங்காய் வரை எல்லாவற்றையும் கொட்டினாள். தினமும் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்கிறதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

பிரவீனா அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு அவர் பேசினார், நீளமாக. பிரவீனா பாப்பம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்றாரு? இன்னும் நடக்கணுமாமா?"

"இல்லம்மா. அன்னைக்கு நடக்கச் சொன்னது உங்க வீட்டுக்காரரையாம். உங்கள ஒரு பாரமும் தூக்க விடாதீங்கன்னும் சொன்னாராம். போன வாரங்கூட அவரு வந்து, பொஞ்சாதிக்கு இடுப்பு வலி, அதனால தெனமும் தேங்காச் சாக்கைத் தூக்கிக்கிட்டு மலைக்கோயிலுக்கு நாந்தான் ஏறுறேன், ஏத்தத்துல மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டுப் போனாராமே."