இடது பக்கம் விழுந்த வண்டி

நாகல் நகர்,
திண்டுக்கல்.
ஞாயிறு மதியம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து அம்பிகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் இவரும் சுகம். கீரனூரில் நீங்களும், சினையாக இருந்த உங்கள் செவலைப் பசுவும், கிணற்றுமேட்டுத் தென்னைகளும் சுகமென்று நம்புகிறேன். ஓசூரில் மாப்பிள்ளை யோகேஷும் நம் தமிழ்மதியும் சுகம், நேற்றுக்கூடப் பேசினார்கள். இந்த நலம் விசாரிப்பில் நீங்கள் என்னிடம் விட்டுப்போன வண்டியை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்காகத்தான் தனியாக ஒரு கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் "சாப்ட்டீங்களா சம்பந்தி?" என்றீர்கள். நான் "ஆச்சு, நீங்க?" என்றேன். "ஆச்சுங்க" என்றீர்கள். பிறகு இருவரும் வழக்கம்போல ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடமாக நம் பேச்சு இந்த இடத்தைத் தாண்டியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் அவ்வளவுதான் வரும். ஆனால் அந்த மௌனத்தின் நடுவே "உங்கள் வண்டியைக் கீழே போட்டுவிட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேனா என்றால் நீங்கள் மறுமுனையில் இல்லை என்ற தைரியம் வருகிறது.

சம்பந்தி ஐயா தவறிய பிறகு அந்தச் சிவப்பு வண்டியை மாப்பிள்ளையைத் தவிர யாரையும் நீங்கள் தொட விட்டதில்லை என்று தமிழ்மதி சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட வண்டியை, ஓசூரில் அவர்களுக்கு நிறுத்த இடமுள்ள வீடு அமைந்ததும் ரயிலில் பார்சல் போட வசதியாக இருக்கும் என்று எங்கள் வாசலில் விடச் சம்மதித்தீர்கள். மாப்பிள்ளை வண்டியை ஓட்டி வந்தார். நீங்கள் பஸ்ஸில் பின்னாலேயே வந்தீர்கள். திரும்பிப் போகும்போது டாங்கை ஒருமுறை முந்தானையால் துடைத்துவிட்டு, "எங்கூட்டுக்காரரு ஓட்டுன வண்டிங்க. செரியாப் பாத்துக்குங்க" என்றீர்கள். தூசிக்காகத் துடைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, "உறை வாங்கி மூடி வச்சிடுறோம்" என்று சொன்னேன். நீங்கள் டாங்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தீர்கள். அப்போதாவது நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

நான் இயற்பியல் படித்தவள். படித்ததோடு நில்லாமல் கல்லூரியில் அதையே வருடக்கணக்காகச் சொல்லியும் கொடுக்கிறேன். ஒரு பொருள் எப்போது நிற்கும், எப்போது விழும் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை படம் போட்டிருக்கிறேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவதுதான் பத்திரம் என்று முதல் நாளே இவரிடம் சொன்னேன். இவர் ஸ்டாண்டை ஒரு காலால் மிதித்துக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுத்தார். வண்டி அப்படியே இருந்தது, இவர்தான் மேலே ஏறினார். அதன் பிறகு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு, சைடு ஸ்டாண்டே போதும் என்ற முடிவுக்கு வந்தார். சரி, ஸ்டாண்டு மண்ணில் புதையாமல் அடியில் ஒரு கடப்பாக் கல் துண்டை வைத்தேன். எங்கள் வாசல் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் சரிவாகக் கட்டியது. வண்டியின் முகம் பள்ளத்தைப் பார்த்து நின்றால் தானாக முன்னே உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும், முகத்தை வீட்டுப்பக்கம் திருப்பி, கியரில் போட்டு நிறுத்துங்கள் என்று இவருக்குப் படமே வரைந்து காட்டினேன். இவர் படத்தை நன்றாகப் பார்த்தார். "வண்டின்னா தெருவப் பாத்துத்தான் நிக்கணும். உருளும்னு பயமா இருந்தா, உருளாம கட்டிப் போட்டுருவோம்" என்றார்.

திண்டுக்கல்லில் பிறந்தவர்களிடம் இது ஒரு கோளாறு. எந்தக் கவலையாக இருந்தாலும் ஒரு பூட்டைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். இவர் கடைவீதிக்குப் போய்க் கைக்கு அடங்காத ஒரு பூட்டையும் கிணற்றுக்குப் போடுகிற மாதிரி ஒரு சங்கிலியையும் வாங்கி வந்து, முன்சக்கரத்தையும் வாசல் கேட்டையும் சேர்த்துப் பூட்டினார். மாற்றுச் சாவி தொலைந்துவிடக் கூடாது என்று அதையும் அதே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கேட்டில் வண்டியைக் கட்டினால் கேட்டை எப்படித் திறப்பது என்று கேட்டேன். "ரெண்டு கதவுல எடக்கதவுலதான கட்டிருக்கேன்? நம்ம தெறக்குறது வலக்கதவு" என்றார். அது உண்மைதான். எங்கள் இடக்கதவு, கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் இறக்கியபோது திறந்ததோடு சரி. நியாயமாகத்தான் பட்டது. எனக்கே நியாயமாகப் பட்டதுதான் இப்போது வருத்தமாக இருக்கிறது.

போன வாரம் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு துக்கம் என்று இவர் விடிந்ததும் வலக்கதவு வழியே கிளம்பிப் போனார். சற்று நேரத்தில் பால் ஊற்றும் ஒச்சாயி வந்திருக்கிறாள். வலக்கதவை ஒட்டித் தெருநாய் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம். அதை எழுப்ப மனமில்லாமல், எட்டித் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு, வருடம் முழுக்கத் திறக்காத இடக்கதவைத் தன் பலத்தையெல்லாம் கூட்டித் தெருப்பக்கமாக இழுத்திருக்கிறாள். கதவு வந்தது. கதவோடு வண்டியும் வந்தது. நான் வரைந்து காட்டியபடியே முன்னால் உருண்டு, நான் சொன்னபடியே ஸ்டாண்டு மடங்கி, இடது பக்கமாக விழுந்தது. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது ஒச்சாயி பால்கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்தாடி! நான் கதவத்தான இழுத்தேன், இது எதுக்குக் கூடவே வருது?"

"அந்தப் பக்கக் கதவத் தொறந்திருக்கலாம்ல ஒச்சாயி?"

"நாயி அம்புட்டு அசந்து தூங்குது டீச்சரம்மா. பாவமா இருந்துச்சு."

நாய் அதற்குள் எழுந்து போயிருந்தது.

பெட்ரோல் மூடி வழியே சொட்டிக்கொண்டிருந்தது. உடனே வண்டியை நிமிர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சங்கிலி விறைத்துக்கொண்டு முன்சக்கரத்தை விடவில்லை. வண்டியை நிமிர்த்தக் கதவை மூட வேண்டும், கதவை மூட வண்டியை நிமிர்த்த வேண்டும். ரெட்டியார்சத்திரத்துக்குப் போன் போட்டேன். இவர் கிசுகிசுப்பாக, "இங்க தூக்கப் போறாங்க. பூட்டப் பத்திப் பேசுற நேரமா இது?" என்றார். சாவி எங்கே என்றேன். "எங்கிட்டத்தான் இருக்கு, பத்திரமா. நீ கவலப்படாத" என்று வைத்துவிட்டார். எதிர்த்த டீக்கடை ஆண்டிச்சாமி வாயில் பீடியோடு வந்து குனிந்தார். "பெட்ரோல் சிந்துது, பீடிய அணைங்கண்ணே!" என்று கத்தினேன். "இது அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு டீச்சர், சும்மா வாய்ல கெடக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து பூட்டின் தலையில் போட்டார். பூட்டு அசையவில்லை. ஓங்கிப் போட்டார். சுத்தியல் காம்பு முறிந்தது. கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஊருப் பூட்டுல்ல!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தாங்களே செய்தது மாதிரி தலையை ஆட்டினார்கள். கீழே கிடந்த வண்டியைச் செத்த நேரம் யாருமே நினைக்கவில்லை.

கடைசியில் ஆட்டோ ஓட்டும் முகமது ரஃபீக்தான் ஒரு வழி சொன்னார். "பூட்டு வராது டீச்சர். கேட்ட கழட்டிருவோம்." நாலைந்து பேர் சேர்ந்து இரும்புக் கதவைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றினார்கள். கழற்றிய கதவோடு சேர்த்தே வண்டியை நிமிர்த்தினார்கள். அன்று பொழுது சாயும்வரை எங்கள் வாசலுக்கு இடக்கதவு இல்லை; உங்கள் வண்டிக்கு இருந்தது. இவர் வந்து பார்த்தார். குளிக்காமல் யாரையும் தொடக் கூடாது என்பதால் தள்ளி நின்றபடியே, "பாத்தியா? வண்டி எங்கயும் போகல" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதப் போவதில்லை. இது சம்பந்தி வீட்டுக்குப் போகும் கடிதம்.

கிளட்ச் பிடி வளைந்திருந்தது. இடப்பக்கக் கண்ணாடி உடைந்து, இண்டிகேட்டர் தெறித்து, கியர் கம்பி உள்ளே மடங்கியிருந்தது. டாங்கின் இடப்பக்கம் நீளமாக ஒரு கீறல். கைப்பிடியில் நீங்கள் கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்ட படிகாரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை நீங்கள் அன்றே முகத்தில் படித்திருப்பீர்கள். இப்போது சொல்கிறேன், அது தன்னை நன்றாகவே காத்துக்கொண்டது.

மெக்கானிக் இருளப்பனை வரச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, "மேடம், டாங்குல வலப்பக்கம் ஒரு ஒடுக்கு இருக்கு, உள்ளங்கை அகலத்துக்கு. அதையும் எடுத்துரவா?" என்று கேட்டார். இடது பக்கம் விழுந்த வண்டிக்கு வலது பக்கம் எப்படி ஒடுக்கு விழும் என்று யோசித்தேன். விடையும் உடனே கிடைத்தது. வண்டி விழுந்து கிடந்தபோது வலப்பக்கம்தான் மேலே பார்த்துக் கிடந்தது. அதற்கு மேலேதான் கதவைத் தூக்கினார்கள். தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் ரஃபீக். கதவின் கொண்டி பட்டிருக்கிறது. ரஃபீக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அல்லா மேல ஆணையா படல டீச்சர். பூ மாதிரித் தூக்குனோம்" என்றார். நான் எதையும் அவ்வளவு எளிதில் நம்புகிறவள் இல்லை. "பட்டா பட்டுச்சுன்னு சொல்லலாம், நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது அவர் ஹாரன் அடிப்பதில்லை. இருளப்பனிடம், "ரெண்டு பக்கமும் ஒரு அடையாளம் இருக்கக் கூடாது, முழுசா எடுத்துருங்க" என்றேன்.

முழுசாக எடுத்துவிட்டார். டாங்கைக் கழற்றிப் போய் ஒடுக்கு தட்டி, பட்டி பூசி, பழைய சிவப்பையே கலந்து பெயிண்ட் அடித்து மாட்டியாயிற்று. இப்போது வண்டி கடையிலிருந்து இறங்கிய நாளில் இருந்தது போல இருக்கிறது. எங்கே விழுந்தது, எங்கே அடிபட்டது என்று ஒரு சுவடும் இல்லை. சென்டர் ஸ்டாண்டில், வீட்டைப் பார்த்து, சங்கிலி இல்லாமல் நிற்கிறது. "அதான் சரியாயிருச்சே, சம்பந்திக்குச் சொல்லாம விட்டா என்ன?" என்று இவர் கேட்டார். விட்டுவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் வாசலுக்கு வரும்போதெல்லாம் டாங்கைத் துடைத்த உங்கள் கை ஞாபகம் வருகிறது. நம்பி விட்டுப்போனதைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. மன்னியுங்கள்.

பசு நல்லபடியாக ஈன்று, இந்த வருடம் உங்கள் கிணறு வற்றாமல், நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசிப் பழகி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தி ஐயாவின் படத்துக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
அம்பிகா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தமிழ்மதி கூப்பிட்டாள். புது வண்டி மாதிரி இருக்கிறதே என்ற பெருமையில் மாப்பிள்ளைக்குப் படங்கள் அனுப்பியிருந்தேன். அவர் "சரிங்க அத்தை" என்று மட்டும் பதில் போட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இவள்தான் சொன்னாள்.

"அம்மா, வலப்பக்கத்து ஒடுக்கையுமா எடுத்துட்ட? அது இப்ப விழுந்ததில்லம்மா!"

ஒருநாள் முழுக்கப் போனையும் எடுக்காமல் சம்பந்தி ஐயா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து இந்த வண்டியில் சாவகாசமாக வந்தாராம். நீங்கள் கையில் இருந்த வாளியை விட்டெறிந்தீர்களாம். அது அவர் மேல் படாமல் டாங்கில் பட்டதாம். அதற்குப் பிறகு எந்த மெக்கானிக்கையும் அந்த இடத்தைத் தொட அவர் விட்டதில்லையாம். கேட்பவர்களிடமெல்லாம், "எங்கூட்டு அம்மிணி வெச்ச பொட்டுங்க இது" என்று தடவிக் காட்டுவாராம்.

அன்று நீங்கள் துடைத்தது தூசி இல்லை என்று இப்போது தெரிகிறது. மேலே "ஒரு சுவடும் இல்லை" என்று எழுதியிருப்பதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அது உண்மை, அதுதான் கொடுமை. வண்டி விழுந்ததற்கு மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அது ஒன்றுமே இல்லை. இதற்கு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதி முடித்ததும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் ரஃபீக்கையும் பார்க்க வேண்டும்.

வண்டி இன்னும் ரயில் ஏறவில்லை. அந்த வாளி வீட்டில் இருக்கிறதா? இருந்தால், எடுத்துக்கொண்டு ஒருநாள் வாருங்கள். எந்த இடம் என்று உங்கள் கைக்குத் தெரியும். வண்டி விழுந்துவிடாமல் நான் இடது பக்கம் நின்று பிடித்துக்கொள்கிறேன்.