கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி சாத்தவும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை என் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான்தான் கார் நிபுணன். என்னிடம் இருந்தது ஒரு மொபெட். (மேட்டில் அதையும் பெடல் போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.)

நிபுணனானது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்விடுவேன். வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளும் கேட்லாக்குகளும் பழைய இரும்புக்கும் உடைந்த பொம்மைக்கும் நடுவில் எடைக்குக் கிடைக்கும். கிழக்குத் தாம்பரத்தில் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, எந்த வண்டியில் எந்த மாடலுக்கு எத்தனை ஸ்பீக்கர், எதற்கு மரப் பலகை வைத்த டாஷ்போர்டு, எதற்கு வெறும் பிளாஸ்டிக் என்பதெல்லாம் மனப்பாடம். அதில் ஒன்றில்கூட நான் உட்கார்ந்ததில்லை. "உட்காராத காருக்கு இவ்வளவு வாய்" என்பாள் என் மனைவி வசந்தா.

வசந்தாவின் அக்கா புருஷன் தணிகாசலம். ஊர் கீழ்க்கட்டளை. அவருடைய அப்பா கீரையும் நெல்லும் போட்ட நிலம் பிளாட்டுகளாகி, வேட்டி கட்டிய தணிகாசலம் திடீரென்று பெரிய மனிதராகிவிட்டார். படிப்பு எட்டாவது. நான் எம்.எஸ்ஸி., பி.எட். அந்தக் குடும்பத்து விசேஷங்களில் நான் முதுகை நிமிர்த்தி உட்காருவதற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் ஆதாரம்.

அவர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, ஒரு ஜெர்மன் வண்டியின் கேட்லாக்கை மேசைமேல் போட்டார்.

"வாத்தியாரே, இத்த வாங்கலாம்னு கீறேன். ரெண்டு மாடல் கீதாம். எதுன்னு நீயே சொல்லு. படிச்சவன் நீ."

இருபது வருடம் காத்திருந்த ஆள் நான். வரைபடத்தாளில் இரண்டு பத்தி போட்டேன். சாதா மாடலில் துணி சீட், உசத்தி மாடலில் கறுப்புத் தோல். சாதாவில் நாலு கதவையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும். உசத்தியில் டிரைவர் கதவிலுள்ள குமிழை அழுத்தினால் நாலும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். உசத்தியில் கண்ணாடி தடிமன், வெளிச்சத்தம் உள்ளே வராது. இப்படி முப்பத்தொரு வரி. கடைசி வரி, சீட்டைச் சூடாக்கும் வசதி.

"இன்னாது, சீட்டைச் சூடாக்கவா? நம்மூர்ல அதுக்கு சுச்சு வேற வெச்சிகிறானா?"

"அது குளிர் நாட்டுக்குண்ணா."

"நாம எந்த நாட்டுல கீறோம் வாத்தியாரே?"

அந்தக் கேள்வியை நான் அன்றைக்கு மதித்திருக்க வேண்டும். கேட்லாக்கில் ஒவ்வொரு படத்திலும் அந்த வண்டி பனிமலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அதையும் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்ததெல்லாம் பனிக்கு எதிரே அந்தக் கறுப்பு நிறம் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்பதைத்தான். "வெள்ளை வேண்டாம்ணா, இந்த வண்டிக்குக் கறுப்புதான் கம்பீரம்" என்றேன்.

ஓட்டிப் பார்க்க ஜி.எஸ்.டி. சாலைக்குப் போனோம். தணிகாசலம் ஓட்டினார், பக்கத்தில் டை கட்டிய விற்பனைக்கார இளைஞர், பின்னால் வரைபடத்தாளோடு நான். "வேகமாகத் திரும்பும்போது முன்பக்கம் வெளியே இழுக்குமா? ஸ்டியரிங் கனம் வேகத்துக்கு ஏற்ற மாதிரி மாறுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் டையைச் சரி செய்துகொண்டார். நானே பதிலும் சொன்னேன். "உசத்தி மாடலுக்கு சஸ்பென்ஷன் பதினைந்து மில்லிமீட்டர் தாழ்வுண்ணா. வளைவில் சாயாது."

"காசு கூடக் குடுத்தா வண்டி குள்ளமாப் பூடுமா?" என்றார் தணிகாசலம். அதே நேரத்தில் ஒரு வேகத்தடை மேல் வண்டியின் வயிறு டர்ரென்று உரசியது.

அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "தம்பி, எங்க தெரு முனையில ஒரு பைப்பு கீது, அதுக்கு எதுக்க ஒரு மாடு கட்டிகிது. ரெண்டுக்கும் நடுவால ரிவர்ஸ்ல வூட்டுக்கு வருமா?"

"வரும் சார்."

"அப்ப சரி. மாடல் இன்னான்னு வாத்தியார் சொல்லுவாரு."

வாத்தியார் சொன்னார். உசத்தி, கறுப்பு.

வண்டி வந்ததும் கையேட்டை என்னிடம் கொடுத்து, "படிச்சிட்டுச் சொல்லு" என்றார். மூன்று நாள் விடுப்பு எடுத்துப் படித்தேன். பதினோராம் பக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. டிரைவர் கதவு திறந்திருக்கும்போது குமிழை அழுத்திவிட்டுச் சாத்தினால், குமிழ் தானாக மேலே வந்துவிடும், பூட்டாது. சாவியை உள்ளே வைத்து யாரும் மறதியாகப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஜெர்மன்காரர்கள் செய்த ஏற்பாடு. சாவியில்லாமல் பூட்டியே தீர வேண்டுமென்றால் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி சாத்த வேண்டும்.

அதாவது, கையேட்டைப் படிக்காத ஒருவனால் நான் செய்த காரியத்தைச் செய்திருக்கவே முடியாது.

சித்திரை மாதம். காலை பத்தரை மணி. கீழ்க்கட்டளைப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும், அதற்கு முன்னால் பட்டாசு. தெருவே திரண்டிருந்தது.

என் மகள் நித்யாவுக்கு அப்போது நாலு வயது. நான் பயந்த தகப்பன். பால் பல் ஆடினால்கூட மருத்துவரிடம் ஓடுகிறவன். பட்டாசு, கூட்டம், உருளப்போகும் சக்கரம். என் மண்டைக்குள் அத்தனை விபத்துகளும் வரிசையாக நடந்து முடிந்தன. எங்கே இருந்தால் இவளுக்குப் பத்திரம்? தூக்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவாளோ என்று, பின் கதவின் விளிம்பிலிருந்த சைல்டு லாக்கையும் தள்ளிவிட்டேன். இனி அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அவளைப் பத்திரப்படுத்தியாகிவிட்டது. மனசு நிம்மதியானது. (நிம்மதியான மனசை நான் அதன் பிறகு நம்பியதில்லை.)

அந்த நேரத்தில் குருக்கள் சாவியை வாங்கி, டாஷ்போர்டில் புதிதாக ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டு, "தீபாராதனை முடியற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிக் கற்பூரம் எடுக்கப் போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. நான் அப்போது ஒரு பெரியவருக்கு சஸ்பென்ஷன் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர்தான் கேட்டார். "சாதா வண்டிக்கும் இதுக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் திறந்திருந்த டிரைவர் கதவருகே போய் நின்றேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "எல்லாரும் இங்கே கவனியுங்கள். சாதா மாடலில் நாலு கதவையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும். இதில்?" குமிழை அழுத்தினேன். கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தேன். சாத்தினேன்.

டுக்.

நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. கூட்டத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"சூப்பரு. தொற இப்ப" என்றார் தணிகாசலம்.

"சாவி கொடுங்கண்ணா."

"என்னான்ட ஏது? பிள்ளையாராண்ட கீது."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிள்ளையார் இருந்தார். சாவி இருந்தது. பின் சீட்டிலிருந்து நித்யா எனக்கு டாட்டா காட்டினாள்.

"இன்னொரு சாவி?" என்றாள் வசந்தா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டியோடு வந்த மற்றொரு சாவி, கையேட்டோடு சேர்ந்து ஒரு தோல்பையில் இருந்தது. தோல்பை டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்தது. கேட்லாக் படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி, முந்தின நாள் நானே அங்கே வைத்திருந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. யாரோ சைக்கிள் கம்பி கொண்டுவந்தார்கள். யாரோ அடி ஸ்கேல் கொண்டுவந்தார்கள். அந்த வண்டியின் ரப்பர் பட்டைக்குள் ஒரு தாள்கூட நுழையாது. (முப்பத்தொரு வரியில் அதுவும் ஒன்று.) நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, விற்பனைக்கார இளைஞருக்குப் போன் செய்தேன். "சார், ஸ்பேர் சாவி உங்க தோல்பையில இருக்குமே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பி ஓடி வந்தபோது நித்யா டாட்டா காட்டவில்லை. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் குங்கும நிறம். கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள். சைல்டு லாக் பழுதில்லாமல் வேலை செய்தது.

வாயைத் திறந்து அழுதாள். சத்தம் வரவில்லை. உசத்தி மாடல் கண்ணாடி. வெளிச்சத்தம் உள்ளே போகாது, உள்சத்தம் வெளியேயும் வராது. "அப்பா" என்ற அந்த வாயின் அசைவை மட்டும் பார்த்தேன்.

"குமிழை இழும்மா! முன்னாடி வந்து குமிழை இழு!" என்று கத்தினேன். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

மூடிய கண்ணாடிக்குள் சூரிய வெப்பம் நுழையும், வெளியேறாது என்பதை அந்த ஜனவரியில்தான் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கறுப்பு நிறம் வெப்பத்தை அதிகம் உள்வாங்கும் என்பது அதே பாடத்தில் அடுத்த வரி.

கோயில் வாசலில் தேங்காய் உடைக்கும் கருங்கல் ஒன்று கிடந்தது. தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டி, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

இனிமேல் நான் எழுதப்போவது, வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம்.

நான் இரண்டு கையையும் விரித்துக் கண்ணாடிக்குக் குறுக்கே நின்றேன்.

"வேண்டாம்ணா! இது இம்போர்டட் கண்ணாடி! இங்கே கிடைக்காது!"

சத்தியமாக நான்தான் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் என் குழந்தை வெந்துகொண்டிருக்க, என் வாயிலிருந்து வந்தது அந்த வாக்கியம்தான்.

தணிகாசலம் கல்லோடு அப்படியே நின்றார். அதுவரைக்கும் என்னை அவர் 'வாத்தியாரே' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

"யோவ். வண்டி என்னுது. புள்ள உன்னுது. நீ இன்னாத்துக்குய்யா கண்ணாடியப் புடிச்சிகினு நிக்கிற?"

வசந்தா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பித்தான் தெறித்தது. தணிகாசலம் அவசரத்திலும் ஒரு விநாடி யோசித்தார். குழந்தைமேல் சில்லு படக் கூடாதென்று, அவளுக்கு மறு ஓரத்திலிருந்த டிரைவர் கதவுக்குப் போய்க் கல்லைப் போட்டார். எம்.எஸ்ஸி.க்கு அது தோன்றவில்லை. கண்ணாடி கற்கண்டுபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்போதுதான் அவள் அழுகை வெளியே வந்தது. அதுபோல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் கையை விட்டுக் குமிழை இழுத்தார். டுக். நாலு கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. சாதா மாடல் அப்படித் திறக்காது.

நான் கையை நீட்டினேன். நித்யா என்னைத் தாண்டிப் "பெரிப்பா" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் முழங்கையிலிருந்து ரத்தம் அவள் பாவாடையில் சொட்டியது. கோயில் குழாயில் அவள் முகத்தைக் கழுவி, இளநீர் கொடுத்தார்கள். அன்று முழுக்க அவள் என்னிடம் வரவில்லை. பூசணிக்காய் உடைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அது பிறகு சாம்பாரில் போனது.

கண்ணாடி கப்பலில் வர நாலு மாதம் ஆனது. நான் சொன்னது சரிதான், இங்கே கிடைக்கவில்லை. அதுவரை அந்த ஓட்டையில் மஞ்சள் பாலிதீன் தாளை ஒட்டிக்கொண்டு, தணிகாசலம் எல்லாக் கல்யாணத்துக்கும் அதே வண்டியில் வந்து இறங்கினார். படபடவென்று அடித்துக்கொள்ளும் அந்தத் தாளைப் பார்த்து யாராவது கேட்டால், "இது சாதாவும் இல்ல, உசத்தியும் இல்ல. எங்க சகலை செலக்ட் பண்ண மாடலு" என்பார். என்மேல் கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்திரிகைகளையெல்லாம் அந்த வெள்ளிக்கிழமையே சந்தையில் போட்டுவிட்டேன். கதை மட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டது. நான் எதற்காவது தயங்கினால் வசந்தா "ஏங்க, இம்போர்டட் கண்ணாடியா?" என்கிறாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட அந்தக் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்லித்தான் காபி கொடுக்கிறார்கள். முதலில் சிரிக்கிறவன் நான்தான். நான் கையை விரித்து நின்றது எத்தனை விநாடி என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.

நித்யாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவளுக்கு அது எதுவுமே ஞாபகமில்லை என்கிறாள். நம்புகிறேன், நம்பவும் இல்லை. எந்த வண்டியில் போய் இறங்கினாலும், கால் டாக்ஸியானாலும் சரி, தணிகாசலத்தின் அதே பழைய கறுப்பு வண்டியானாலும் சரி, நான் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். நித்யா ஓட்டுபவரின் கையைப் பார்ப்பாள், பிறகு தன்னைத் தொட்டுக் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்.

"சாவி அவர் கையில இருக்கு. நான் வெளியில இருக்கேன். சாத்துப்பா."

சாத்துகிறேன். கைப்பிடியைத் தொடாமல், கதவைத் தள்ளித்தான்.