மேசையின் நான்காவது கால்

மேசை ஆடியது.

முழங்கையை ஊன்றிய கணத்திலேயே தச்சர் அதனை அறிந்துகொண்டார். பிறர் எவரும் உணரமாட்டாத ஆட்டம். ஒரு விரற்கடைக்கும் குறைவு. ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் மரத்தோடு மல்லுக்கட்டிய உடம்புக்கு, அது பல்லிடுக்கில் சிக்கிய நாரைப்போல உறுத்தியது.

எதிரே கடல் பளபளத்தது. பலகை பாவிய முற்றத்தில், துணிப்பந்தலின் நிழலில், அவருக்கு வலப்புறம் பேருந்து ஓட்டுநரும் எதிரே மருந்துக்கடைக்காரரும் அமர்ந்திருந்தனர். மூவரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆண்டுக்கொரு முறை இந்த உணவகத்தில் ஒன்றாக மதிய உணவு உண்பது அவர்களது வழக்கம். தச்சருக்கு வேறு நண்பர்கள் இல்லை, வேண்டியதும் இல்லை.

அந்த வழக்கத்துக்கே ஈராண்டுகளுக்கு முன்னர் ஆபத்து வந்தது. சமையலறைக் கதவு கிறீச்சிட்டது பொறாமல் எழுந்துபோன தச்சர், கதவையே கழற்றிவிட்டார். மீண்டும் மாட்டிவிட்டு வந்தபோது மீன் ஆறிப்போயிருந்தது; ஓட்டுநர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை எதையாவது தொட்டே, நாங்க ரெண்டு பேர் மட்டும் தனியா வந்து சாப்பிட்டுக்குவோம், பாத்துக்க."

ஆகவே சென்ற ஆண்டு, தச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு, புகைப்படத்துக்கு அமர்ந்தவரைப்போல் உண்டு திரும்பினார். மூன்று சொற்களுக்குமேல் பேசவில்லை. தேர்வில் தேறிவிட்டதாகவே அவர் எண்ணம். இவ்வாண்டு புறப்படுகையில் மனைவி சட்டைப்பையைச் சோதித்து, அளவுநாடாவைப் பறிமுதல் செய்து, போவது சாப்பிடுவதற்கு என்பதையும் நினைவூட்டி அனுப்பியிருந்தாள்.

இப்பொழுதோ மேசை ஆடுகிறது.

முதலில் அவர் கைதுடைக்கும் தாளை எட்டாக மடித்து, குட்டைக்காலின் கீழே பெருவிரலால் தள்ளினார். ஆட்டம் நின்றது. அவ்வேளையில் மருந்துக்கடைக்காரர் உப்புக்குக் கை நீட்டிச் சூப்பைக் கவிழ்த்தார். சூப் மேசைக்காலின் வழியே இறங்கித் தாளைக் கூழாக்கியது. மேசை முன்னிலும் அதிகமாக ஆடிற்று.

மேசை நடுவே, அலங்காரத்துக்காக ஒரு கிண்ணத்தில் சிப்பிகள் இருந்தன. தச்சர் கரண்டியைக் கீழே நழுவவிட்டு, அதனை எடுக்கும் பாவனையில் குனிந்து, ஒரு சிப்பியைக் காலுக்கடியில் செருகினார். நிமிர்ந்து மூச்சுவிடுமுன் ஓட்டுநர் மேசைமீது சாய்ந்தார். 'டப்' என்று வெடித்தது சிப்பி. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தனர்.

"என் முழங்கால்தான். வயசாகுதில்ல" என்றார் மருந்துக்கடைக்காரர், அமைதியாக.

தச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தகைய அப்பாவிகளை நண்பர்களாகப் பெற்றதற்காக மனமார நன்றி செலுத்தினார்.

இனி ஒரே வழிதான்: மற்ற மூன்று கால்களையும் குட்டைக்காலின் அளவுக்குக் குறைப்பது. மூவரும் மீனையே வரவழைத்திருந்தும், அவர் தட்டருகே மட்டும் பல் வைத்த கத்தி ஒன்று கிடந்தது. அதனைப் பரிமாறுபவரின் மறதியென்று கொண்டு, தச்சர் சட்டைக்கைக்குள் மறைத்துக்கொண்டு மீண்டும் குனிந்தார்.

"என்னடா?" என்றார் ஓட்டுநர்.

"ஷூ கயிறு அவிழ்ந்திருச்சு."

தச்சர் அணிந்திருந்தது செருப்பு. ஓட்டுநர் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத பேருந்தைத் தாம் நிறுத்திய கதையை உரத்த குரலில் தொடங்கினார். தச்சருக்கு அது நல்வாய்ப்பாயிற்று. அலை எழும்பொழுது அறுத்தார், ஓயும்பொழுது ஓய்ந்தார். மேசையடி இருட்டில், நண்பர்களின் கால்விரல்களில் இடிக்காமல், அளவுநாடாவின்றி, கட்டைவிரல் நகத்தையே அளவாகக் கொண்டு அறுத்த அந்தக் கைத்திறனைக் காண அங்கே ஒரு நண்டுகூட இல்லை.

ஒரு கால் குறைந்ததும் மேசை மருந்துக்கடைக்காரர் பக்கம் சரிந்தது. பொரித்த மீன் தட்டோடு அவரை நோக்கிப் புறப்பட்டது. அவர் அதனைப் பாதிவழியில் பிடித்து நிறுத்தினார்.

"மீனுக்கு இன்னும் உயிர் இருக்குபோல" என்றார்.

சந்தேகம் எழாதிருக்க வேண்டுமே என்று, தச்சர் ஒவ்வொரு முறை மேலே வந்தபொழுதும் வாய் ஓயாமல் பேசினார். வாசலைவிடப் பெரிய கட்டிலைக் கேட்டு வாங்கி, பின்னர்ச் சுவரை இடித்த வாடிக்கையாளரின் கதையைச் சொன்னார். கணக்கு வாத்தியாரைப்போல் பேசிக் காட்டினார். ஓட்டுநருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிற்று. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். தச்சரின் புருவத்தில் ஒட்டியிருந்த மரத்தூளை ஓட்டுநர் பேச்சினூடே, ஒன்றும் கேளாமல், தட்டிவிட்டார்.

மூன்றாவது காலும் முடிந்தது. தச்சர் விளிம்புவரை நீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரை மேசை நடுவே வைத்தார். ஓட்டுநர் ஓங்கித் தட்டியும் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே தச்சர் உண்ட மீனுக்கு இணையான மீனை அவர் வாழ்நாளில் உண்டதில்லை.

உணவு முடிந்து நண்பர்கள் இருவரும் அலையில் கால் நனைக்கச் சென்றனர். தச்சரின் மனச்சாட்சியோ உட்காரவிடவில்லை. மேசையைத் துடைக்க வந்த பரிமாறுபவரைத் தனியே அழைத்தார். நரைத்த மீசைக்காரர், பல ஆண்டுகளாக அவர்களுக்குப் பரிமாறுபவர்.

"அண்ணே, ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க மேசைக் காலை அறுத்துட்டேன். நாளைக்கே வந்து நாலுக்கும் புதுக்கால் போட்டுத் தரேன். அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

பரிமாறுபவர் குனிந்து நான்கு கால்களையும் பார்த்தார். மூன்றில் வெட்டு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. நான்காவதில் எலி கடித்ததுபோல் இருந்தது.

"நீங்க அறுத்தது மூணுதான் சார். இந்த நாலாவதை, 'போன வருஷம் அவன் சும்மா உக்காந்திருந்ததுல எங்களுக்குச் சோறே இறங்கல'ன்னு சொல்லிட்டு, காலையில அந்த டிரைவர் சார் அறுக்க, மருந்துக்கடை சார்தான் மேசையைப் பிடிச்சுக்கிட்டாரு."