நான்காவது முடிச்சு

மனிதர்களில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஓர் இனம் உண்டு. தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், கையில் குடையும், பைக்குள் மழைக்கோட்டும், மழைக்கோட்டு நனைந்துவிடக் கூடாதே என்று அதைச் சுற்றி ஒரு பாலிதீன் உறையுமாகச் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் ஒருவர் நின்றால், அவர்தான். பேண்டுக்கு பெல்ட் போட்டிருப்பார்; பெல்ட்டை நம்பாமல் உள்ளே ஒரு கயிறும் கட்டியிருப்பார். கல்யாண விருந்துக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுவார். பந்தியில் சோறு தீர்ந்துபோனால்?

இந்த இனத்தவர் வக்கீலானால் பாதகமில்லை, வாய்தா நாலு கூடும். டாக்டரானால் மாத்திரை ரெண்டு கூடும். கட்டடத்துக்குக் கம்பிக் கணக்குப் போடும் என்ஜினியரானால் என்ன கூடும்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வீடு எப்படி இருக்கவேண்டும் என்று வரைகிறவர் ஒருவர். அது எப்படி நிற்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் இன்னொருவர். பரணிதரன் இரண்டாமவர். செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவர் ஆபீஸ். அவர் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மூன்று முடிச்சும் விழுந்து, கெட்டிமேளமும் ஓய்ந்து, ஜனங்கள் பந்திக்கு எழுந்த பிறகும் மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. நான்காவது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மணப்பெண் ரோகிணி, "போதும் விடுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தாராம். சாட்சி கேட்டால் புரோகிதரைக் கேளுங்கள்.

வேலையிலும் அப்படியே. கணக்குப் போட்டால், இந்த வீட்டுக்கு ஒன்பது அங்குலத் தூண் போதும் என்று விடை வரும். மற்றவர்கள் கணக்கை முடிக்கும் அந்த இடத்தில்தான் பரணிதரன் ஆரம்பிப்பார். மணலில் மண் கலந்திருந்தால்? கலவை போடும் நேரம் பார்த்து டீ வந்துவிட்டால்? உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிட்டால்? வீட்டுக்காரர் பெண் கல்யாணத்துக்கு மொட்டை மாடியில் பந்தல் போட்டு, இரு வீட்டாரும் ஒன்றாக மேலேறி, யாரோ பாட்டைப் போட்டு, சம்பந்தி ஆட ஆரம்பித்துவிட்டால்? ஆடுகிற சம்பந்தியின் எடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே ஒன்பது பன்னிரண்டாகும். நாலு கம்பி ஆறாகும். ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வழியில் ஆறு எட்டாகும்.

அப்படியானால் அந்த வட்டாரத்து வீடுகளெல்லாம் கோட்டை கொத்தளமாக அல்லவா இருக்கவேண்டும்? இல்லை. காரணம், செங்கல்வராயன் மேஸ்திரி. அவர் வேறு இனம். யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் காதில் வாங்குகிறவர். வரைபடத்தில் எட்டுக் கம்பி இருந்தால் நாலு கட்டுவார். பன்னிரண்டு அங்குலம் இருந்தால், "அய்யா பயந்துகினு போட்டுக்கிறாரு" என்று ஒன்பதுக்குப் பலகை அடிப்பார். அவர் குறைப்பார் என்று தெரிந்து இவர் கூட்டுவார். இவர் கூட்டுவார் என்று தெரிந்து அவர் குறைப்பார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கணக்கு முதலில் என்ன சொன்னதோ அதுதான் கடைசியில் நிற்கும். இரண்டு அவநம்பிக்கைகள் சேர்ந்து கட்டிய அந்த வீடுகளில் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பல குடும்பங்களும் இந்த முறையில்தான் நடக்கின்றன. அதை இங்கே கிளற வேண்டாம்.

இந்த அருமையான ஏற்பாட்டுக்கு இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆபத்து வந்தது. வந்தவர் ஒரு நேர்மையான மனிதர்.

ரவிச்சந்திரன் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதே ஆயுள் முழுக்க அவர் வேலை. மாமல்லபுரத்தில், உளிச்சத்தம் ஓயாத ஒரு தெருவுக்குப் பின்னால், மாடி வைத்து வீடு கட்டத் தொடங்கினார். அவர் மனைவி லதா அந்த வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று. டைல்ஸ் கேட்கவில்லை, மாடுலர் கிச்சன் கேட்கவில்லை. மாடி ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கடல் தெரியவேண்டும். ஏனென்றால், குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் அவள் ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது எதிர் பிளாக்குக் கொடியில் காய்கிற லுங்கி. கூப்பிடு தூரத்தில் கடல். கண்ணுக்கு எதிரே லுங்கி. அவள் பொறுத்துப் பொறுத்து, இந்த ஒரு ஆசையை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள்.

அந்த ஜனவரியில்தான் குஜராத்தில் பூகம்பம். வரைபடம் வாங்க வந்த ரவிச்சந்திரன் போகிற போக்கில், "இங்க வந்தா தாங்குமா சார்?" என்று கேட்டுவைத்தார். பரணிதரனிடம் கேட்கவே கூடாத கேள்வி. கொடுத்த வரைபடத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அது மறுபடி வெளியே வந்தபோது தூண்கள் பதினெட்டு அங்குலத்துக்குப் பருத்திருந்தன. மாடி ஹாலின் கடல் பக்கத்தில் நட்டநடுவே புதிதாக ஒரு தூண். அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, தனியாக நின்றால் பயந்துகொள்ளுமோ என்னவோ. மேலே ஒரு பீம், தூங்குகிறவன் தலைபோலத் தொங்கிற்று. போகட்டும், செங்கல்வராயன் பாதியைக் குறைத்துவிடுவான் என்று பரணிதரன் தமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

செங்கல்வராயன் குறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. ரவிச்சந்திரன் இஞ்ச் டேப்பும் கையுமாகப் பலகைக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பியை எண்ணுவார், தலையை ஆட்டுவார், மறுபடி எண்ணுவார். மேஸ்திரி தம் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக ரகசியத்தை வாய்விட்டுச் சொல்லும்படி ஆயிற்று.

"சார், அய்யா வரையறது வேற, நாங்க கட்றது வேற. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. வூடு கெட்டுப்பூடும்."

"வரைஞ்சத அப்படியே கட்டுங்க."

"அப்பால என்னைக் கேக்கக்கூடாது."

ஒருத்தி போட்ட உப்பை நம்பாமல் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கொரு பிடி உப்புப் போட்ட குழம்பை நீங்கள் சாப்பிட்டதுண்டா? சென்ட்ரிங் பலகை பிரித்த அன்று மாடி ஹால் அப்படி இருந்தது. லதா கீழேயிருந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள், நடுவில் போட்டாள், உட்கார்ந்தாள். எதிரே தூண். இடது பக்கம் சாய்ந்தாள், தூணின் தம்பி. வலது பக்கம் சாய்ந்தாள், இன்னொரு தம்பி. கழுத்தை நீட்டியதில், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே புடவைக் கரை அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அதுவும் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்.

"ஏங்க, கடல் எங்க?"

ரவிச்சந்திரன் டேப்பை நீட்டி நடுத்தூணை அளந்தார். "டிராயிங்படி கரெக்டா இருக்கு."

"டிராயிங்ல கடல் இருந்துதா?"

அவர் டேப்பை மடக்கினார்.

பரணிதரனுக்கு ஆள் போயிற்று. அவர் வந்தார். ஸ்கூட்டருக்கு சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல்லும் முட்டுக்கொடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடியேறினார். ஹாலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ வருஷமாக வீடுகளுக்கு வரைந்துகொடுத்தவர், தம் வரைபடம் வரைந்தபடியே எழுந்து நிற்பதை அன்றுதான் பார்க்கிறார். பயந்துபோனார். மேஸ்திரியின் காதோரம் குனிந்தார்.

"என்னய்யா இது?"

"இன்னான்னா? நீங்க வரைஞ்சதுதான் சார்."

"நான் வரைஞ்சா? அப்படியே கட்டிடுவியா நீ?"

நடுத்தூணை எடுத்துவிட முடியாதா என்று லதா கேட்டாள். தூணுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல் பரணிதரன் அவளைப் பதறிப் பார்த்தார். கொஞ்சம் செதுக்கலாமா, இங்கேதான் தெருவெல்லாம் சிற்பிகள் ஆயிற்றே என்றார் ரவிச்சந்திரன். நாற்காலிக்குப் பதில் ஏணி போட்டுக்கொள்ளலாம் என்பது செங்கல்வராயனின் யோசனை. பரணிதரன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தூணைத் தட்டிக்கொடுத்துப் பேச ஆரம்பித்தார். பூகம்பம் வரட்டும், புயல் வரட்டும், ஊரே சாயட்டும், இந்த வீடு நிற்கும். மேலே இன்னும் மூன்று மாடி எழுப்பலாம். எதிர்ப் பட்டறையில் செதுக்குகிறார்களே கல் யானை, அதைத் தூக்கி மொட்டை மாடியில் வைக்கலாம்.

"யானையைத் தாங்குமா?" என்றாள் லதா.

"ரெண்டு யானை நிக்கட்டும்மா."

"அப்ப நான் ஒரு நாற்காலி போட்டு உக்காந்தா தாங்குமா?"

பரணிதரனின் கண் தானாகக் கூரைக்குப் போயிற்று. மணல், கலவை, டீ, உப்புக்காற்று, சம்பந்தி எல்லாம் ஒரு சுற்று வந்துபோவது முகத்தில் தெரிந்தது.

"நீங்க மட்டும்தானேம்மா உக்காருவீங்க?"

செங்கல்வராயன் சிரித்த சிரிப்பில் பட்டறைகளில் உளிச்சத்தம் நின்றது. லதா யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள், கிழக்கே திருப்பிப் போட்டாள், உட்கார்ந்தாள். தூண் இல்லை, பீம் இல்லை, லுங்கி இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடல். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். "ஏங்க, காபி மேலயே வரட்டும்" என்று கீழே குரல் கொடுத்தாள்.

பரணிதரன் கடைசிப் படியில் நின்றிருந்தார். தாம் கணக்குப் போட்ட எந்த மொட்டை மாடியிலும் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. நின்று பார்த்தார், சடசடவென்று இறங்கிப் போனார். ஆசாமி ஓடிவிட்டார் என்று மற்றவர்கள் நினைத்த நேரத்தில் திரும்பி வந்தார், ஸ்கூட்டர் சக்கரத்துக்கு வைத்திருந்த செங்கல்லோடு. நாற்காலியின் பின்காலுக்கு அதை முட்டுக்கொடுத்துவிட்டு, கீழே எட்டிப் பார்த்தார். செங்கல் இல்லாமலும் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. அதைத்தான் அவரால் நம்பவே முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வெளியே போகும்போது பூட்டை எத்தனை தரம் இழுத்துப் பார்ப்பீர்கள் என்பது உங்களுக்கும் பூட்டுக்கும்தான் தெரியும். 'அய்யோ, நான் அந்த ரகமே இல்லை' என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் செங்கல்வராயன். நான்காவது முடிச்சை நம்பவில்லை அல்லவா? சிரித்த சத்தத்தில் உளி நின்றதையும் நம்பவில்லை. முதல் வரியிலிருந்தே பாதியைக் கழித்துத்தான் படித்துக்கொண்டு வருகிறீர்கள்.

எனக்குத் தெரியாதா? அதனால்தான் நான் ஒன்றுக்கு இரண்டாக எழுதினேன்.